விளையாட்டரங்கத்திற்கும் வேண்டும் ஒரு நுழைவுப் பிரகடனம்!

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நுழைவுப் போராட்டம் புதிதல்ல. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். சாதி போட்ட தடை வேறு, படிக்கட்டு போடும் தடை வேறுதான். முன்னது வேண்டுமென்றே செய்தது, பின்னது யோசிக்காமல் செய்தது. ஆனால் இரண்டிலும் ஒரு மனிதர் வெளியேதான் நிற்கிறார்!

பாராலிம்பிக் விளையாட்டின் வரலாறு 1948 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தொடங்கியது. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், டாக்டர் லுட்விக் குட்மன் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960-ல் ரோமில் நடந்த போட்டியே இன்று முதல் பாராலிம்பிக் எனப்படுகிறது. அங்கே வீரர்கள் தங்கிய கட்டடங்களில் படிகள் இருந்ததால், ராணுவ வீரர்கள் அவர்களைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. உலகப் போட்டிக்கு வந்தவர்களுக்கே இந்த நிலை!

இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ். போலியோவால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 1980-களில் 'அனைவருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். கட்டிய பிறகு ஓரமாக ஒரு சாய்தளத்தை ஒட்டவைப்பதல்ல, வரைபடத்திலேயே எல்லோரையும் நினைப்பது என்பதே அதன் பொருள்.

விளையாட்டரங்கத்தில் இது வாசலோடு முடிவதில்லை. சாய்தளம் 1 அடி உயர 12 அடி நீளம் வேண்டும். செங்குத்தாக இருந்தால் தானாக ஏற முடியாது. சக்கர நாற்காலிக்கான இடம் ஒரே மூலையில் இல்லாமல் பல பகுதிகளிலும், பக்கத்தில் துணைக்கு வருபவருக்கு இருக்கையோடும் அமைய வேண்டும். ஒரு கோல் விழுந்ததும் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அப்போதும் மைதானம் தெரியும் உயரத்தில் அந்த இடம் இருக்க வேண்டும். அகலமான கதவுள்ள கழிப்பறை, காது கேளாதவருக்கு எழுத்தில் அறிவிப்பு, பார்வையற்றவருக்குத் தொட்டுணரும் தரைப்பாதை ஆகியவையும் அவசியம். இதனால் முதியவருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் கூட லாபம்தான்.

இந்தியாவின் 1995-ம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வசதிகளைச் செய்யச் சொன்னது, 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற சொற்களோடு. அந்த ஓட்டை வழியே பலரும் தப்பித்துக்கொள்ள முடிந்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் விளையாட்டுக் கட்டமைப்புகளை மாற்றி வடிவமைப்பது பற்றியே தனியாகப் பேசுகிறது. பழைய பொதுக் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டுகள் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017-ல். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2016-ல் ரியோவில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்தத் தங்கத்துக்குக் கைதட்டிய நாட்டில், அரையடிப் படி ஒன்று ஒரு ரசிகரை வாசலிலேயே நிறுத்திவிடலாமா? நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் தொடங்கி ஊர்ப் பள்ளி மைதானம் வரை, இனி எதைக் கட்டினாலும், புதுப்பித்தாலும், வரைபடம் போடும் நாளிலேயே இந்தக் கேள்வி எழ வேண்டும். பிரகடனம் வந்துவிட்டது. திறக்க வேண்டியது கதவுதான்!