ஒரு குறி, மூன்று சட்டங்கள்

பாலக்காட்டு நகரிலிருந்து சித்தூருக்கு அரைமணி நேரப் பயணம். ஆயினும் விடுதலைக்கு முன்னர் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும் இருந்தன. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூருக்கு உரியவை. மூன்று ஆட்சிகளின் கீழும் வாழ்ந்த மக்கள் தம் சேமிப்பை ஒரே முறையில் திரட்டினர். தமிழர் அதனைச் சீட்டு என்றனர். மலையாளிகள் குறி என்றும் சிட்டி என்றும் வழங்கினர். திருவிதாங்கூர்ச் சீட்டின் ஒப்பந்த ஆவணத்திற்கு ‘வரியோலை’ என்று பெயர். ஓலை மறைந்த பின்னும் அச்சொல் சட்டத்தில் நிலைத்தது.

இதன் கணக்கு எளியது. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால் தொகை 20,000. அவசரத் தேவையுடைய ஒருவர் 5,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். நடத்துநரின் கழிவு 1,000 போக, எஞ்சிய 4,000 ஆளுக்கு 200 வீதம் பிரிகிறது. முதலில் எடுப்பவருக்கு அது கடன். கடைசிவரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. அரசின் கருவூல உண்டியல் தள்ளுபடி விலைக்கு விற்கப்படுவதும் இதே தத்துவத்தால்தான். ஆனால் உண்டியலுக்குப் பின்னால் அரசு நிற்கிறது. சீட்டுக்குப் பின்னால் நடத்துநர் ஒருவரே நிற்கிறார். அவர் தலைமறைவானால் முழு இழப்பும் காத்திருந்தவர் தலையில் விழும்.

இந்த இடர்ப்பாட்டுக்குக் கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1107-இல் (1931–32) குறிச் சட்டம் இயற்றியது. திருவிதாங்கூரின் சிட்டிச் சட்டம் 1120-இல் (1944–45) வந்தது. மலபாருக்கோ தனிச்சட்டம் இல்லை. 1961-இல் சென்னை மாநிலம் சீட்டு நிதிச் சட்டம் இயற்றியபோது, மலபார் கேரளத்துடன் இணைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே சித்தூர்க்காரருக்குக் கிடைத்த தனிச்சட்டப் பாதுகாப்பு பாலக்காட்டாருக்குக் கிடைக்கவில்லை. 1975-ஆம் ஆண்டின் கேரளச் சிட்டிச் சட்டமே இவ்வேறுபாட்டை அகற்றியது.

உள் எல்லைகள் அழிந்ததும் மாநில எல்லை சிக்கலாயிற்று. வெளிமாநிலத்தில் பதிவு செய்துகொண்டு கேரளத்தில் உறுப்பினர் சேர்க்கும் நிறுவனங்கள் பெருகின. உறுப்பினருள் இருபது விழுக்காட்டினரேனும் கேரளத்தவராயின் அச்சீட்டும் தன் சட்டத்துக்கு உட்பட்டது என 2002-இல் மாநில அரசு திருத்தம் கொணர்ந்தது. மார் அப்ரேம் குறி நிறுவன வழக்கில் உச்சநீதிமன்றம் 2012 மே மாதம் அதனை ஏற்க மறுத்தது. 1982 ஆகஸ்டு 19 அன்று மத்தியச் சட்டம் ஒப்புதல் பெற்ற கணமே, அதற்கு முரணான மாநிலச் சட்டம் செல்லாததாயிற்று என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்புக்குச் சில நாள் முன்னர், ஏப்ரல் 30 அன்றுதான் மத்தியச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்திருந்தது.

இன்று சீட்டுத் தொடங்கப் பதிவாளரின் முன் அனுமதியும் சீட்டுத் தொகைக்கு நிகரான பிணையும் வேண்டும். பெருநிறுவனங்கள் உபரிப் பணத்தை இடும் லிக்விட் பண்டுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 91 நாளுக்கு மேற்பட்ட முதிர்வுடைய பத்திரங்களில் அவை முதலிடக்கூடாது என்பது செபியின் விதி. உருவம் வேறாயினும் இரண்டிலும் சட்டம் கேட்பது ஒன்றே: பணம் போட்டவர் கேட்கும் நாளில் அது கைக்கு வருமா? எல்லையோரச் சிற்றூர்கள் அக்கேள்வியை மூன்று ஆட்சிகளின் கீழ் கேட்டு, மூன்று வேறு விடைகளைப் பெற்றன.