கட்டிப்போட்ட கால்கள் கற்றுத் தந்த வேகம்

கூடைப்பந்து கைகளால் ஆடப்படும் விளையாட்டு என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் இதன் வரலாற்றைப் புரட்டினால், அது பெரும்பாலும் கால்களின் வரலாறாகவே இருப்பதைக் காணலாம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு ஒரு சிக்கல். வெளியே கடுங்குளிர். 18 மாணவர்களையும் கூடத்துக்குள்ளேயே விளையாட வைக்கவேண்டும். பந்தை எடுத்துக்கொண்டு ஓட விட்டால் எதிரணியினர் அவனைப் பிடித்துத் தள்ளுவார்கள். மரத்தரையில் விழுந்தால் எலும்பு முறியும். ஓடாதவனைத் தள்ளிவிட வேண்டிய தேவை என்ன? இவ்வாறு சிந்தித்த அவர், தாம் எழுதிய 13 விதிகளுள் மூன்றாவதாக, பந்துடன் ஓடக்கூடாது என்று வகுத்தார். ஓடிவரும்போது பந்தைப் பிடித்தவன் நிற்பதற்கு மட்டும் சிறிது சலுகை உண்டு.

கால்களைக் கட்டிப்போட்ட இவ்விதியிலிருந்துதான் கால் நுட்பங்கள் யாவும் பிறந்தன. ஓட முடியாதவன் ஒரு காலை அச்சாக ஊன்றி, மறு காலால் சுழலக் கற்றான். எதிரிகள் நெருங்கியபோது பந்தைத் தரையில் உருட்டியோ தட்டியோ தப்பினான். தற்காப்பாகத் தொடங்கிய இச்செயலே, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் கலையாக வளர்ந்தது. 1927இல் அமெரிக்க விதிக்குழு, ஒரு முறைக்கு மேல் பந்தைத் தட்டக்கூடாது என்று தடுக்க முனைந்தது. பயிற்சியாளர்களின் எதிர்ப்பால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

பெண்களின் கால்களுக்கோ கட்டு இன்னும் இறுக்கமாக இருந்தது. 1892இல் ஸ்மித் கல்லூரியில் இவ்விளையாட்டைப் புகுத்திய செண்டா பெரன்சன், ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. அதிக ஓட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்ற அக்கால நம்பிக்கையே காரணம். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இடம்பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கால் நுட்பத்துக்குத் தரையின் துணையும் வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப்போட்டி திறந்தவெளி மண் ஆடுகளத்தில் நடந்தது. மழை கொட்டிற்று. சேற்றில் பந்து எழும்பவில்லை, கால்கள் வழுக்கின. அமெரிக்கா 19 புள்ளிகளும் கனடா 8 புள்ளிகளும் மட்டுமே எடுத்தன! திசை திரும்ப விரும்புபவர் தரையைப் பக்கவாட்டில் உதைக்கிறார். தரை அவரை எதிர்ப்புறம் தள்ளுகிறது. உராய்வு குறைந்தால் அந்த எதிர்விசை கிட்டாது.

ஆட்டக்காரர் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி நிற்பது ஏன்? உடலின் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, தாங்கும் பரப்பு அகன்றால் நிலைகுலையாமல் திரும்பலாம். மடங்கிய கால் உடனே உதைக்கவும் ஆயத்தமாக இருக்கிறது.

ஆயினும் கால் வேகம் மட்டுமே துரிதம் ஆகாது. ஷெப்பர்டு, யங் என்னும் ஆய்வாளர்கள் 2006இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர்: ஒரு தூண்டலைக் கண்டு, அதற்கேற்ப உடல் முழுவதும் விரைந்து வேகத்தையோ திசையையோ மாற்றுவதே துரிதம். எனவே தரையில் வைத்த குறிகளைச் சுற்றி ஓடுவது பாதிப் பயிற்சியே. எதிரே நிற்கும் தோழர் எப்பக்கம் கை காட்டுவார் என்று தெரியாமல், கண்டதும் அப்பக்கம் பாய்வதே மறுபாதி.

இன்னொன்றையும் மறத்தலாகாது. முழங்காலின் உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்துபோவது இவ்விளையாட்டில் அஞ்சத்தக்க காயம். பெரும்பாலும் இது எவரும் மோதாமலேயே, திடீரென நிற்கும்போதும் குதித்து இறங்கும்போதும் நேர்கிறது. பெண்களுக்கே மிகுதியாக நேர்கிறது. ஆனால் விடை, அன்று செய்தது போல் அவர்களை ஓடவிடாமல் தடுப்பதன்று. முழங்கால்கள் உட்புறம் சாயாமல், மடக்கியவாறு மெத்தென்று இறங்கப் பழக்கினால் இக்காயம் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

விழுந்து அடிபடக்கூடாது என்பதற்காகவே நெய்ஸ்மித் ஓட்டத்தைத் தடுத்தார். அதே நோக்கத்தை இன்று நாம் சரியாக ஓடவும், நிற்கவும், இறங்கவும் கற்பித்து நிறைவேற்றலாம். நம் பள்ளி மைதானத்தில் இதற்குத் தேவை, நாளும் சில நிமிடங்களே!