சென்னைக் க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி

க்ஷயரோகம் கண்டவரைக் குடும்பத்தினின்றும் பிரித்து, தூய காற்றும் பூரண ஓய்வும் போஷாக்குள்ள ஆகாரமும் கிடைக்கக்கூடிய ஸானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலொழிய அவருக்கு நிலையான குணம் ஏற்படாது என்று உலகெங்கும் வைத்தியர்கள் கொண்டிருந்த நம்பிக்கையைத் தகர்த்த பெரும் பரிசோதனை, 1956ஆம் ஆண்டில் சென்னை நகரில் தொடங்கி, 1959இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் நிறுவிய க்ஷயரோக ரசாயனச் சிகிச்சை நிலையம் இதனை நடத்திற்று. புதிய மருந்து எதனையும் இந்நிலையம் கண்டுபிடிக்கவில்லை. பிறர் கண்டுபிடித்த மருந்தை ஏழையின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்க்கலாம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்ததே இதன் சாதனை.

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் சர்வகலாசாலைகளின் வரலாறே ஆகும். க்ஷயரோகக் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்தபின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அக்கிருமியை உடலுக்குள்ளேயே அடக்கவல்ல மருந்து கிட்டவில்லை. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், வாக்ஸ்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைஸினைப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடன் தேசத்தின் கோதன்பர்க் நகரில் லேமன் என்பவர், 'பாஸ்' என்று சுருங்க வழங்கும் பாரா-அமினோ-சாலிசிலிக் அமிலம் இந்நோய்க்குப் பயன்படுவதை அறிந்தார். இவற்றிலெல்லாம் விசித்திரமானது ஐஸோனியாஸிட்டின் கதை. 1912ஆம் ஆண்டிலேயே பிராக் நகரத்து ஜெர்மானிய சர்வகலாசாலையில் இருவர் ரசாயன ஆராய்ச்சியின் பொருட்டு அதனைத் தயாரித்திருந்தும், அப்பொருளுக்குக் க்ஷயரோகத்தோடு ஏதேனும் சம்பந்தம் உண்டா என்று கேட்பார் எவருமின்றி அது நாற்பது ஆண்டுகள் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1952இல்தான் அதன் வல்லமை வெளிப்பட்டது. ரசாயன சாஸ்திரியும் வைத்தியரும் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்ததன் விலை அந்த நாற்பது ஆண்டுகளில் மாண்டவர்களின் தொகை என்று சொன்னால் அது மிகையாகாது.

மருந்து கிடைத்துவிட்டமையால் மட்டும் பிரச்னை தீர்ந்துவிடவில்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையில் 107 நோயாளிகள் இடம்பெற்றனர். இவர்களுள் 55 பேருக்கு ஓய்வுடன் ஸ்ட்ரெப்டோமைஸினும், எஞ்சிய 52 பேருக்கு ஓய்வு மட்டுமே சிகிச்சையாகவும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாமல், லண்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த சுகாதாரக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் பிராட்ஃபோர்ட் ஹில் முன்கூட்டியே குறிப்பின்றித் தெரிவுசெய்து உறையிலிட்டு ஒட்டி வைத்திருந்தார். நம்மூரார் சந்நிதியில் திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்ப்பது போன்ற இந்த ஏற்பாடே, ஆராய்ச்சியாளரின் ஆசாபாசங்கள் முடிவிற் கலவாதபடி காக்கும் அரண் ஆயிற்று. முதல் ஆறு மாதங்களில் மருந்து பெற்றோர் வியக்கத்தக்க முன்னேற்றம் அடைந்தனரெனினும், நாளடைவில் கிருமிகள் அம்மருந்துக்குப் பழகி அதனை எதிர்த்து நின்றமையால், இரண்டு மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்னும் பாடம் பிறந்தது.

இனி இந்தியாவின் நிலைமையை நோக்குவோம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தருகே அமைத்த ஸானடோரியம், அதன் பெயரையே ஒரு ரயில் நிலையத்துக்கு வழங்குமளவு பிரசித்தி பெற்றது; ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அண்மையிலும் மிஷனரிகளின் பெரிய ஸானடோரியம் ஒன்று இருந்தது. ஆயினும் தேசம் முழுவதிலுமுள்ள கட்டில்களை ஆயிரக்கணக்கிலும், நோயாளிகளை லட்சக்கணக்கிலும் எண்ணவேண்டியிருந்தது. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, இது நெரிசல் மிக்க நகரங்களின் வியாதி என்ற பொது அபிப்பிராயத்தையும் பொய்யாக்கி, கிராமங்களிலும் நோய் ஏறக்குறைய அதே அளவு பரவியிருப்பதைக் காட்டியது. நோயாளிகள் அனைவருக்கும் கட்டில் அமைத்துக் கொடுப்பதற்கு அன்று நம் அரசாங்கத்திடம் பொருளில்லை. அமைத்துக் கொடுத்தாலும், நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தலைவன் ஓராண்டு காலம் படுத்திருப்பானாயின் அவன் மனைவி மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு விடையில்லை. எனவே, நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் போதுமா, போதுமாயின் அதனால் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா என்பவை, விஞ்ஞானக் கேள்விகளாக இருந்ததோடு தேசத்தின் பொருளாதாரக் கேள்விகளாகவும் இருந்தன.

நான்கு ஸ்தாபனங்கள் கூடியதன் காரணம் இங்கேதான் விளங்கும். பிரிட்டிஷ் கவுன்சிலுக்குப் பரிசோதனை நடத்தும் நுட்பம் கைவந்திருந்தது. ஆனால் இக்கேள்வியை லண்டனில் எழுப்பினால், காற்றோட்டமான வீடும் நல்லுணவும் உள்ள நோயாளிகளிடம் பெறும் விடை ஏழை நாடுகளுக்குப் பொருந்தாது. சென்னை அரசாங்கத்திடம் நோயாளிகளும் வைத்தியசாலைகளும் இருந்தன. உலக சுகாதார ஸ்தாபனத்தால் பிறநாட்டு நிபுணர்களையும் சாதனங்களையும் தருவிக்க முடிந்தது. வைத்தியர்கள், தாதியர், ஆய்வுக்கூடப் பணியாளர், வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர், புள்ளியியலாளர் ஆகிய பெரும்படை இந்தியர்களாலேயே அமைந்தது. கவுன்சிலைச் சேர்ந்த வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் முதல் டைரக்டராக 1961 வரை இருந்தார். கிருமி பரிசோதனை சம்பந்தமான ஆலோசனைகளை, லண்டன் முதுநிலை மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கூடம் நடத்திவந்த டெனிஸ் மிட்சிஸன் வழங்கினார். அறிக்கைகளிற் சில, தனி மனிதர் பெயரை முன்னிறுத்தாது நிலையத்தின் பெயராலேயே வெளிவந்தன. கண்டுபிடிப்பு யாருடையது என்ற போட்டி ஸ்ட்ரெப்டோமைஸின் விஷயத்தில் ஆசிரியரையும் மாணவரையும் நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றதை நினைப்பவர்கள், இந்த அடக்கத்தின் அருமையை உணர்வார்கள்.

ஜனங்களின் மனோநிலையும் அந்நாளில் எளிதானதாக இல்லை. 1955இல் ராஜாஜி, க்ஷயரோகத்துக்கு எதிரான பி.ஸி.ஜி. தடுப்பூசி இயக்கத்தை இதே சென்னையிலிருந்து கடுமையாக எதிர்த்துப் பிரசாரம் செய்திருந்தார். அத்தகைய சூழ்நிலையில், வெளிநாட்டாரும் சேர்ந்து நடத்தும் ஒரு பரிசோதனைக்குச் சேரிவாழ் மக்கள் தங்களை ஒப்படைத்து, மாதந்தவறாமல் சளியும் எக்ஸ்-ரே படமும் கொடுக்க இசைந்தார்களென்றால், அதற்குக் காரணம் நிலைய ஊழியர்கள் குறுகிய சந்துகளில் ஏறி இறங்கிச் சம்பாதித்த நம்பிக்கையே எனலாம்.

முதற் பரிசோதனையில் 193 நோயாளிகள் சேர்க்கப்பெற்றனர். அனைவரும் நகரத்து ஏழைகள். அனைவர் சளியிலும் கிருமி காணப்பட்டது. முன்பு சிகிச்சை பெற்றவர்களைச் சேர்க்கவில்லை. உறையிலிட்ட சீட்டின்படி பாதிப்பேர் ஸானடோரியத்துக்கு அனுப்பப்பட, ஏனையோர் தத்தம் வீடுகளிலேயே தங்கினர். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஐஸோனியாஸிட்டும் பாஸும் சேர்ந்த கலவை, பன்னிரண்டு மாதங்கள். ஸானடோரியத்தார் ஓய்வும், தாதியர் பராமரிப்பும், பால் முட்டையுடன் கூடிய உணவும் பெற்றனர். வீட்டிலிருந்தவர்களோ நெரிசல் மிகுந்த சிறு குடியிருப்புக்களில், புரதம் குறைந்த அரிசியுணவை உண்டு, உடம்பில் சிறிது தெம்பு வந்ததும் வேலைக்குச் செல்லவும் தலைப்பட்டனர். இவர்கள் வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றதோடு, முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வரும் ஊழியர் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணிப் பார்ப்பதற்கும், சிறுநீரைச் சேகரித்துச் சென்று மருந்து உட்கொண்டதற்கு அடையாளம் உண்டா என்று சோதிப்பதற்கும் உடன்பட்டிருந்தனர்.

ஓராண்டு முடிவில் ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரும் சளியில் கிருமி நீங்கப்பெற்றிருந்தனர். ஸானடோரியத்தாரின் உடல் எடை கணிசமாகக் கூடியிருந்தது. வீட்டாரின் எடை அவ்வளவு கூடவில்லை. எனினும் எடை கூடுவதற்கும் நோய் ஆறுவதற்கும் வைத்தியர்கள் கற்பித்திருந்த நெருங்கிய உறவு மெய்யன்று என்பதை, உணவைப் பற்றித் தனியே எழுதி 1961இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாக்கியது. உரிய மருந்துகளை உரிய காலம் உட்கொண்டால், உணவின் குறையும் ஓய்வின்மையும் வீட்டின் நெரிசலும் குணப்படுவதைப் பெரிதும் தடுப்பதில்லை என்று அது காட்டிற்று. உணவு அவசியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பேதைமை. பசித்தவனுக்குச் சோறிடவேண்டியது நோயாளி என்பதற்காக மட்டுமன்று. ஆனால் சோறு கிடைக்கும்வரை மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

எல்லோரும் அஞ்சிய தொற்று விஷயத்தில் கிடைத்த விடையே மிக முக்கியமானது. இரு சாராரின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வந்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் உறவினருக்கு, ஸானடோரியத்தாரின் உறவினரைக் காட்டிலும் நோய் அதிகமாக வரவில்லை என்று 1966இல் அறிவிக்கப்பட்டது. நோயாளி இருமிக்கொண்டு, வியாதி இன்னதென்றறியாமல், மருந்தும் இன்றி வீட்டில் நடமாடிய மாதங்களிலேயே தொற்று பெரும்பாலும் நேர்ந்துவிடுகிறது; மருந்து தொடங்கியபின் அவரை அப்புறப்படுத்துவதால் வீட்டாருக்கு விசேஷ நன்மை இல்லை. பாத்திரத்தைத் தனியே வைத்து, பெற்ற குழந்தையையும் அணுகவிடாமல், திண்ணையில் ஒதுக்கி வைத்திருந்த வழக்கத்துக்கு இருந்த விஞ்ஞான ஆதாரம் அத்துடன் சரிந்தது.

பரிசோதனை ஒரு தொல்லையையும் வெளிப்படுத்திற்று. பாஸ் நாள்தோறும் பல கிராம் உட்கொள்ளவேண்டிய, வயிற்றைக் குமட்டும் மருந்து; இருமல் நின்று உடம்பு தேறிய மனிதர் அதை விழுங்க மனமில்லாமல் எறிந்துவிடுவது இயல்பு. நோயாளியின் பொறுப்பிலேயே மருந்தை விட்டுவிடுவதன் இடர்ப்பாடுகளை ஃபாக்ஸ் 1958இலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருந்தார். அதன் பயனாகப் பிறந்த மற்றொரு பரிசோதனையில், வாரம் இருமுறை மட்டும் நோயாளி நிலையத்துக்கு வந்து, ஸ்ட்ரெப்டோமைஸின் ஊசியும் அதிக அளவு ஐஸோனியாஸிட்டும் ஊழியர் கண்ணெதிரே பெற்றுச் செல்லும் முறை கையாளப்பட்டது. அம்முறை, தினமும் வீட்டில் மருந்துண்பதற்குச் சிறிதும் குறைந்ததன்று என்று 1964இல் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் உலக நாடுகள் பலவும் மேற்கொண்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் மூல வித்துக்களுள் இதுவும் ஒன்று.

இதனிடையே வேறொரு நுட்பமும் புலப்பட்டது. ஐஸோனியாஸிட்டைச் சிலர் உடல் விரைவிலும், சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறது. இது பிறவியிலமைந்த குணம். அம்மருந்தை மட்டும் தனித்துக் கொடுக்கும்போது, மெதுவாகச் செயலிழக்கச் செய்பவரே அதிகம் குணமடைகின்றனர் என்றும், ஆனால் கைகால் நரம்புகளில் எரிச்சலும் மரத்தலும் உண்டாவது அவர்களிடையேதான் மிகுதி என்றும், அதனைப் பைரிடாக்ஸின் என்னும் வைட்டமினால் தடுக்கலாம் என்றும் சென்னையார் காட்டினர்.

1959இல் பெங்களூரில் தேசிய க்ஷயரோக நிலையம் தோன்றியதற்கும், 1962இல் மாவட்டந்தோறும் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்ட தேசியத் திட்டம் தொடங்கியதற்கும் சென்னை முடிவுகளே பெரும் ஆதாரமாயின. செல்வ நாடுகளிலும் ஸானடோரியங்கள் மூடப்படுவதை அவை துரிதப்படுத்தின. ஆனால் ஒன்றைக் கூறாமலிருக்க இயலாது. வீட்டுச் சிகிச்சையிலுள்ள 'வீடு' என்ற பாதியை அரசாங்கங்கள் ஆவலுடன் ஏற்றுக்கொண்டன. அதற்கு உயிர்நாடியாயிருந்த வாராந்தர வருகை, சிறுநீர்ச் சோதனை, வராதவரைத் தேடிச் செல்லுதல் ஆகிய மற்றப் பாதியைச் செலவு கருதி நழுவவிட்டன. சிகிச்சை தொடங்கியவர்களுட் பாதிப்பேர்கூட அதை முடிப்பதில்லை என்று 1992இல் தேசியத் திட்டத்தை மதிப்பிட்ட குழு கண்டதில் வியப்பில்லை. திருத்தியமைக்கப்பெற்ற திட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை நிலையம் முப்பதாண்டுகளுக்கு முன்பே நிரூபித்திருந்த கண்காணிப்பு முறையே அதன் நடுநாயகமாயிற்று. இக்குறை ஆராய்ச்சியின் குறையன்று. அதனைப் பாதி படித்தவர்களின் குறை.

முதலில் குறுகிய காலத்துக்கென ஏற்படுத்தப்பட்ட இந்நிலையம், 1978இல் க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம் என்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாற்றம் பெற்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ்ச் சேத்துப்பட்டிலேயே இயங்கி வருகிறது.