சாலும் லேத்தும்: கொங்குத் தொழில் வரலாறு நமக்குத் தரும் பாடம்

கோவை என்றதும் ஆலைகளும் பட்டறைகளும் மோட்டார் பம்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் நிறுவிய நூற்பாலை தொடங்கி இந்நகரின் தொழில் வளர்ச்சியைப் போற்றும் நூல்கள் பல உள. ஆனால், பம்பு வருவதற்கு முன்னர் கொங்கு நாட்டுக் கிணற்று நீர் மேலேறி வந்தது எவருடைய கைத்திறனால் என்னும் வினாவை அந்நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரிலாவது அவ்வினாவை எழுப்புவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. ஆழக் கிணறு தோண்டிக் கவலை பூட்டி இறைத்தாலன்றிப் பயிர் பிழைக்காது. எருதுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு சாலை மேலே இழுக்கும். சாலோடு பிணைந்த தோற்குழாய் வழியே நீர் வாய்க்காலில் பாயும். அந்தத் தோலை உரித்துச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, நீர் கசியாதபடி தைத்துக் கொடுத்தவர்கள் நம் அருந்ததிய முன்னோர். தையல் விட்டால் இறைப்பு நின்றுவிடும். வேளாண்மையின் உயிர்நாடி அவர்கள் ஊசிமுனையில் இருந்தது என்றால் அது மிகையன்று. எனினும், அவர்கள் பெற்ற கூலி, அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்து போட்ட தானியமே. வாழ்ந்த இடமோ ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நீலகிரி அருவியின் ஆற்றல் கம்பி வழியே கோவைச் சமவெளிக்கு இறங்கிற்று. 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் இளைஞர்களுக்கு எந்திரப் பயிற்சி அளித்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் தி. பாலசுந்தரமும் இந்நாட்டிலேயே வடிவமைத்த மின்மோட்டாரை உருவாக்கினர். விடுதலைக்குப் பின் மின்சாரம் சிற்றூர்களை எட்டியது. கிணறுதோறும் பம்பு வந்தது. இரண்டு தலைமுறைக்குள் கவலை மறைந்தது. கவலையோடு நம் முன்னோரின் தொழிலும் மறைந்தது. பலர் பண்ணைக் கூலிகளாயினர். பலர் நகரத்தின் துப்புரவுப் பணிக்குத் தள்ளப்பட்டனர்.

அதே காலத்தில், ஒரு லேத்தும் ஒரு கொட்டகையுமாகத் தொடங்கிய சிறு பட்டறைகள் பல பெருந்தொழிலகங்களாக வளர்ந்தன. நீரை மேலேற்றுவதே இரு சாராரின் தொழிலும். அப்படியிருக்க, சால் தைத்தவர் ஏன் பம்பு வார்ப்பவராக மாறவில்லை? அறிவுக் குறைவா? அன்று. பட்டறை தொடங்கியோருள் பலருக்குப் பிணையாக வைக்க நிலம் இருந்தது. கைமாற்றுத் தர உறவினர் இருந்தனர். தொழில் பழகப் பட்டறைக் கதவு திறந்திருந்தது. கணக்கெழுதக் கல்வி இருந்தது. இந்நான்கும் நம்மவர்க்கு மறுக்கப்பட்டன. தானியம் உண்டு தீரும், முதலாகச் சேராது. கூலி காசாக வராத இடத்தில் மூலதனம் எங்ஙனம் பிறக்கும்?

எனினும், மறுக்கப்பட்ட கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது வரலாறு ஆகாது. வளர்ந்த பட்டறைகள் எவ்வாறு வளர்ந்தன என்பதையும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஈட்டியதை அவை உண்டு தீர்க்கவில்லை. இரண்டாவது லேத்தாக மாற்றின. ஆலைகளுக்குக் கூலிக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுத்தவர்கள், காலப்போக்கில் தமக்கென ஒரு பொருளைச் செய்யக் கற்றனர். தனித்து நின்றால் குரல் எழாது என்றுணர்ந்து, 1952-இல் தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கத்தையும், 1969-இல் சிறுதொழில் செய்வோருக்கான கொடிசியா அமைப்பையும் கண்டனர்.

ஆகவே, தொழில் தொடங்க விழையும் நம் இளைஞர்கள் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். வீட்டுச் செலவையும் கடைக் கணக்கையும் வெவ்வேறு ஏட்டில் எழுதுக. எந்திரம் தேயும் என்பதை நினைத்து, மாதந்தோறும் அதற்கென ஒரு தொகையை ஒதுக்குக. ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்காதீர். களத்து மேட்டை நம்பியிருந்த முன்னோரின் நிலை நமக்குப் பாடமாகட்டும். இன்று செய்யும் பொருளை நாளை எது விழுங்கும் என்று ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணிப் பாருங்கள். பைக்காராவைப் போன்ற மாற்றம் எந்தத் தலைமுறைக்கும் வரும்.

வழிகளும் சில திறந்துள்ளன. 1974-இல் தோன்றிய தாட்கோ தொழிற்கடனுக்குத் துணை நிற்கிறது. நடுவண் அரசுத் துறைகளின் கொள்முதலில் 4 விழுக்காட்டை ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் குறுந்தொழிலகங்களிடம் பெறவேண்டும் என்னும் ஆணை 2012-இல் பிறந்தது. ஆனால், அரசாணை தானாக வீடு தேடி வாராது. அதைப் படித்து, விண்ணப்பம் எழுதி, விலைப்புள்ளி கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

நம் சங்கம் வளர்க்கும் கல்வி அத்தகையோரை உருவாக்குதற்பொருட்டே. கல்வி வேலைக்கு மட்டும் உரிய சீட்டன்று. தொழிலுக்கு உரிய முதலுமாகும். நிலமும் உறவும் பிணையாக நில்லாத நமக்கு, அம்முதலே முதல் முதல். சால் தைத்த கைகளின் பேரப்பிள்ளைகள் தம் பட்டறைக்குத் தாமே பெயர்ப்பலகை எழுதும் நாளை நோக்கி, அடுத்த கால் நூற்றாண்டைத் திட்டமிடுவோமாக.