தமிழ் இணையப் பக்கங்களில் எழுத்துச் சிதைவு

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில், அருப்புக்கோட்டைக்கும் எட்டயபுரத்துக்கும் இடையே உள்ள ஊர் பந்தல்குடி. இப்பெயரைத் திஸ்கி குறியேற்றத்தில் தட்டச்சு செய்து, திஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆறு குறிகள் தெரியும். தலையில் சாய்கோடு ஏந்திய பெரிய ஏ, சாய்கோடு ஏந்திய சிறிய ஓ, முக்கால் என்னும் பின்னக்குறி, குறுக்கே வெட்டப்பட்ட சிறிய ஓ, சாய்கோட்டுடன் பெரிய ஐ, கூரை வைத்த பெரிய ஈ. எல்லாம் ஐரோப்பிய எழுத்துகள். ப, ந், த, ல், கு, டி ஆகிய ஆறுக்கும் ஒன்றுக்கு ஒன்றாக வந்து நிற்பவை.

எட்டு பிட் கணினி முறையில் எழுத்துகளுக்கு 256 இடங்கள் மட்டுமே உண்டு. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் உரியவை. மேற்பாதி பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்குச் சென்றது. தமிழின் 247 எழுத்துகளை அப்படியே வைக்க அங்கு இடமில்லை. எனவே எழுத்துரு வடிவமைத்தவர்கள் கொம்பு, கால், உகர வடிவங்கள் எனப் பிரித்து, மேற்பாதியில் தமிழ் உருவங்களைப் பொருத்தினர். கணினியைப் பொறுத்தவரை அது பிரெஞ்சு எழுத்துதான். எழுத்துரு என்னும் முகமூடி நழுவினால் அடியில் இருந்தது தெரிந்துவிடும்.

1990களில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணையைக் கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' ஆகியவை அக்காலத்தில் பரவலாக அறியப்பட்டவை. ஈழத்தமிழரிடையே புழங்கிய பாமினி கீழ்ப்பாதியிலேயே அமைந்தது. அது சிதைந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எந்த வகைச் சிதைவு என்று பார்த்தே குறியேற்றத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்துத் திஸ்கியை வகுத்தனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல இக்குறியேற்றத்தில் வந்தன. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என வேறு இரு தரங்களை அறிவித்தது. ஒற்றுமைக்காகக் கூடிய மாநாட்டிலிருந்து மேலும் இரண்டு அட்டவணைகள் கிடைத்தன என்பதே நடந்தது.

திஸ்கியிலும் ஒரு முள் இருந்தது. 'இ' என்னும் உயிரெழுத்து 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய அட்டவணையில் அது சொல்லை வரியிறுதியில் உடைக்க உதவும் மறைகோட்டின் இடம். பல உலாவிகள் அதைக் காட்டுவதில்லை. ஆகவே எழுத்துரு சரியாக இருந்தும் 'இது' என்னும் சொல் 'து' என்று மட்டும் நின்றது. பின்னர் 1.7 பதிப்பில் 'இ'க்கு 254ஆம் இடம் தரப்பட்டது. பழைய கோப்புகளில் இரு இடங்களையும் காணலாம். மாற்றி நிரல் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபின்தான் பொதுக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வந்தது. பழைய பக்கங்களை மாற்றும் வேலை அதன்பின் பெருகியது. பந்தல்குடி என்ற பெயருக்கு இது எளிது. அட்டவணை பார்த்து மாற்றினால் போதும். அருப்புக்கோட்டைக்கு அது போதாது. திஸ்கியில் 'கோ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இரட்டைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியில் க முதலிலும் ஓகாரக் குறி அடுத்தும் வர வேண்டும். 'டை'யிலும் அப்படியே. வரிசையை மாற்றாத நிரல்களின் கைவரிசையாகக் கொம்பு தனியே தொங்கும் கட்டுரைகளை இன்றும் காணலாம். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறியிலும் சிதைவு ஒழியவில்லை. அதன் உருவம் மாறியது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். பந்தல்குடி பத்துக் குறிகள், முப்பது பைட்டுகள். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்காமல் விட்டு, உலாவி அதை ஐரோப்பிய அட்டவணைப்படி படித்தால் சாய்கோடு ஏந்திய சிறிய ஏ பத்து முறை வரும். அறிவிப்பைச் சேர்த்ததும் எழுத்து திரும்பிவிடும், பைட்டுகள் கெடாதவரை.

கெடுவது பெரும்பாலும் திரையிலிருந்து நகலெடுக்கும்போது. புள்ளியின் கடைசி பைட்டுக்கும் உகரக் குறியின் கடைசி பைட்டுக்கும் விண்டோஸ்-1252 அட்டவணையில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. சில நிரல்கள் அவற்றை நீக்கிவிடுகின்றன. ந், ல், கு மூன்றும் அப்போது பழுதாகும். ஆகவே சிதைந்த பக்கத்தைத் திருத்துபவர் திரையில் தெரிவதை வெட்டி ஒட்டாமல் மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழை ஏற்காத தரவுத்தளத்தில் சேமித்ததால் பத்துக் கேள்விக்குறிகள் மட்டும் இருக்கின்றன என்றால் எந்த மாற்றியாலும் பயனில்லை. அச்சுப்படி எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டியதுதான்.