ஒரு சிறு சொல்லும் ஒரு பெரிய அகராதியும்

பள்ளிக்கூட நாள்களில் ஒருமுறை ஆங்கிலக் கட்டுரையொன்றில் "ஐ எயின்ட்" என்று எழுதிவிட்டேன். கதைப்புத்தகம் ஒன்றில் கண்ட பிரயோகம். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையினால் வெட்டிவிட்டு, "இது அகராதியில் இல்லாத சொல்; படித்தவன் வாயில் வராத சொல்" என்றார். இவ்விரு கூற்றுகளும் சரிதானா என்று தேடிப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நேயர்களே, இரண்டுமே தவறு.

ஆங்கிலத்தில் "இஸ் நொட்" என்பது பேச்சில் "இஸன்ட்" எனக் குறுகும். "ஆர் நொட்" என்பது "ஆன்ட்" ஆகும். தன்மை ஒருமைக்குரிய "ஆம் நொட்" என்பதற்கு மட்டும் இலக்கணகாரர் ஒப்பிய குறுக்கம் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பிய சொற்களுள் ஒன்றே "எயின்ட்". ஏ, என், ரி என எழுதப்பட்ட அதன் முந்திய வடிவத்தை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நாடகங்களிலே காணலாம். ஜொனதன் சுவிஃப்ட் போன்ற பேரறிஞரும் 1710ஆம் ஆண்டளவில் தமது கடிதங்களில் அதனைக் கையாண்டார். 18ஆம் நூற்றாண்டிலே நடுவில் ஓர் ஐ சேர்ந்து இன்றைய எழுத்துக்கூட்டல் உருவாயிற்று.

பின்னர் "இஸ் நொட்", "ஹாஸ் நொட்" ஆகியவற்றின் இடத்தையும் இச்சொல் பிடித்துக்கொண்டபோது கண்டனம் பெருகியது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் இதனை ஏழை எளியோர் வாயில் வைத்தார். ஆயினும் பிரபுக்கள் இதனைக் கைவிடவில்லை. டொரதி செயர்ஸ் 1923இல் அறிமுகஞ் செய்த துப்பறிவாளர் பீற்றர் விம்சி ஒரு கோமகனின் தம்பி. அவர் பேச்சில் இச்சொல் தாராளமாக வரும். மேல்தட்டினர் சொன்னால் செல்லம், கூலியாள் சொன்னால் கொச்சை! இச்சொல்லை விரட்டியவர்கள் "ஆன்ட் ஐ?" என்று கேட்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். தன்மை ஒருமைக்குப் பன்மை வினையைப் பொருத்தும் அந்தப் பிரயோகம் எந்த இலக்கணத்துக்கு அடங்கும்?

1961ஆம் ஆண்டு செப்ரெம்பரில், பிலிப் கோவ் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 450,000 சொற்களுடன் வெப்ஸ்ரரின் மூன்றாவது பேரகராதி அமெரிக்காவில் வெளிவந்தது. "எயின்ட்" பற்றி அது நிதானமாகவே பேசியது: பலர் இதனை ஒப்புவதில்லை, கல்வி குறைந்தோரிடம் கூடுதலாக வழங்குகிறது, எனினும் நாட்டின் பெரும்பகுதியில் பண்பட்டோர் பலரும் பேச்சில் பயன்படுத்துகின்றனர் என்பதே அதன் சாரம். ஆனால் வெளியீட்டாளர் பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்திக்குறிப்போ இச்சொல்லுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்ற தோரணையில் அமைந்தது. பிடித்தது தீ. "நியூயோர்க் ரைம்ஸ்" கண்டித்துத் தலையங்கம் தீட்டியதோடு, தான் 1934ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பையே தொடர்ந்து பின்பற்றப் போவதாகவும் அறிவித்தது. அகராதியின் போக்கை வெறுத்த இன்னொரு நிறுவனம் அதன் வெளியீட்டாளரையே விலைக்கு வாங்க முயன்று தோற்று, 1969இல் எழுத்தாளர், அறிஞர் சுமார் 100 பேரின் தீர்ப்புகளோடு தனக்கென ஓர் அகராதியை வெளியிட்டது.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் போற்றிய 1934ஆம் ஆண்டுப் பதிப்பிலும் "எயின்ட்" இருந்தது! அங்கே அதற்குப் பக்கத்தில் "வட்டார வழக்கு அல்லது படியாதோர் வழக்கு" என்ற முத்திரை குத்தப்பட்டிருந்தது. கோவ் செய்த குற்றம் அந்த முத்திரையைத் தளர்த்தியதுதான்.

அதே 1960களின் தொடக்கத்தில் எமது நாட்டிலும் மரபுப் போர் மூண்டதை நேயர்கள் அறிவீர்கள். சிறுகதைகளில் மக்களின் பேச்சுத்தமிழ் இடம்பெற்றபோது அதனை "இழிசனர் வழக்கு" என்றார்கள். ஒரு சொல்லின்மேல் குத்தும் முத்திரை அதைப் பேசுகிற மனிதரின்மேலும் விழுகிறது என்பதை அங்கும் இங்கும் கண்டோம்.

ஆசிரியரை நான் நோகவில்லை. பரீட்சைத் தாளில் அச்சொல்லை எழுதினால் இன்றும் புள்ளி போகும். மாணவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அவர் "எழுத்துக்கு ஆகாது, தம்பி" என்று மட்டும் சொல்லியிருந்தால் நானும் ஒப்பியிருப்பேன்.