மோரோக்களும் 45 கலிபர் ரவையும்



நம்மை ஆங்கிலத்தில் 'மூர்' என்று எழுதுகிறார்களே, அது போர்த்துக்கேயர் நமக்கு வைத்துவிட்டுப் போன பெயர். அதே பெயரைத்தான் ஸ்பானியர் தென் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களுக்கு 'மோரோ' என்று வைத்தார்கள். பெயரளவில் நமக்கு உறவான அந்த மக்களின் கதையில் ஒரு துப்பாக்கி ரவையின் கதையும் இருக்கிறது.

இன்று அமெரிக்காவில் தற்காப்புக்கென்று இடுப்பில் சின்னப் பிஸ்டல் செருகித் திரிபவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "எந்த ரவை எதிரே வருபவனை நிறுத்தும்?" 120 வருடங்களுக்கு முன் அந்தக் கேள்வியைச் சூடுபிடிக்க வைத்தது மோரோக்களுடனான போர்தான்.

1898 இல் ஸ்பெயினுக்கு 2 கோடி டொலர் கொடுத்து அமெரிக்கா பிலிப்பைன்ஸைத் தன்வசமாக்கியது. அடுத்த வருடம் சூலு சுல்தானோடு உடன்படிக்கை செய்து, மார்க்கத்திலும் வழக்கங்களிலும் கை வைக்கமாட்டோம் என்றது. 1904 இல் தானே அதை ரத்துச் செய்தது. மோரோக்கள் வாளோடு எதிர்த்தார்கள். 38 கலிபர் ரிவோல்வரால் பல தடவை சுட்டும் ஆள் விழாமல் வந்து வெட்டுகிறான் என்று அமெரிக்க அதிகாரிகள் முறையிட்டார்கள்.

அதே 1904 இல் தொம்ஸன் என்ற படை அதிகாரியும் லகார்ட் என்ற இராணுவ வைத்தியரும் பரிசோதனை செய்தார்கள். சிக்காகோ இறைச்சித் தொட்டியில் உயிருள்ள மாடுகளையும், அதைத் தவிர மனித மையித்துகளையும் பல அளவு ரவைகளால் சுட்டுப் பார்த்தார்கள். 45 கலிபருக்குக் குறையாத ரவை வேண்டும் என்பது முடிவு. அதையொட்டி ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலை 1911 இல் இராணுவம் ஏற்றது. நம் பிள்ளைகள் போனில் விளையாடும் கேம்களில் வரும் '1911' அதுதான்.

அந்த அறிக்கையில் பலர் பேசாத பகுதி ஒன்று உண்டு. உயிர்நிலையில் படாவிட்டால் எந்தக் கைத்துப்பாக்கி ரவையும் ஆளை உடனே நிறுத்தும் என்று நம்பமுடியாது; ஆகவே குறி தவறாமல் சுடப் பழக்குங்கள் என்பதே அது.

1986 இல் மயாமியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில் எப்பிஐ அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன ரவை இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதன் பிறகு எப்பிஐ புதிய பரிசோதனை முறை வகுத்தது. தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டி. அதன் முன்னால் தடித்த துணி, பலகை, தகரம், வாகனக் கண்ணாடி. ரவை 12 முதல் 18 அங்குலம் வரை போகவேண்டும். குறைந்தால் உயிர்நிலையை எட்டாது. கூடினால் பின்னால் நிற்கும் அப்பாவியைத் தாக்கலாம். சின்னப் பிஸ்டலுக்குக் குழல் கட்டை, ரவையின் வேகமும் குறையும். அதனால்தான் அதற்கு ரவை தெரிவு செய்பவர்கள் இன்றும் இந்த அளவைப் பார்க்கிறார்கள்.

இனி மோரோக்களிடம் திரும்புவோம். 45 கலிபர் பிஸ்டல்தான் அவர்களை அடக்கியது என்று ஒரு கதை உலவுகிறது. ஆனால் 1906 மார்ச்சில், அந்தப் பிஸ்டல் பிறப்பதற்கு 5 வருடம் முன்பே, ஹோலோ தீவின் புட் தாஹோ எரிமலை வாயில் தஞ்சமிருந்தவர்களை அமெரிக்கப் படை பீரங்கியாலும் இயந்திரத் துப்பாக்கியாலும் ரைபிளாலும் கொன்று குவித்தது. இறந்தவர்கள் 600க்குக் குறையாது என்பார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். மார்க் ட்வைன் என்ற அமெரிக்க எழுத்தாளரே அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

மாட்டையும் மையித்தையும் சுட்டுப் பார்த்தவர்கள், எந்த அளவு ரவை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இத்தனை ரவை பட்டும் அந்த மனிதன் ஏன் வந்தான் என்பதைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. உடன்படிக்கையை மீறாதிருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

பிள்ளைகள் அந்த 1911 ஐப் பற்றிக் கேட்டால், புட் தாஹோவையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.